மீதி தராத உண்டியல்

பொருள் விற்கும் தானியங்கி இயந்திரங்களின் முகப்பில் ஒரு சிறு விளக்கு இருப்பதுண்டு. ‘சரியான சில்லறை மட்டும்’ என்ற அறிவிப்போடு அது எரியத் தொடங்கினால், வாங்க வந்தவருக்கு விசித்திரமான ஒரு நிலை உருவாகிறது. அவரிடம் பணம் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் பொருளும் இருக்கிறது. விற்பனை மட்டும் நடப்பதில்லை.

பழுது பார்க்க வருகிறவர் இயந்திரத்தைத் திறந்து முதலில் காசு செல்லும் தடத்தைத் துடைக்கிறார். வளைந்த நாணயம் ஏதும் சிக்கியிருந்தால் எடுக்கிறார். தேய்ந்த மோட்டாரை மாற்றுகிறார். இவை அன்றாடப் பழுதுகள். இவற்றுக்குப் பிறகும் கோளாறு தீரவில்லை என்றால் அவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. போட்ட காசு இன்னதென்று இயந்திரத்துக்குத் தெரிகிறதா? மீதி தருவதற்கு வேண்டிய காசு உள்ளே இருக்கிறதா? இருக்கும் காசைக் கொண்டு மீதியைக் கூட்டிக் கொடுக்க அதற்குத் தெரிகிறதா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இயந்திரத்தால் மீதி தர இயலாதபோதெல்லாம் அந்தச் சுமை காற்றில் கரைந்துவிடவில்லை. வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது. சில காலம் வாங்குபவர் சுமந்தார். சில காலம் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் சுமந்தார்கள். சில காலம் ஒரு நாட்டின் நாணயச் சாலையே சுமந்தது. அந்தச் சுமை கைமாறிய கதையையே நாம் இங்கு சொல்ல முயல்கிறோம்.

விற்பவர் இல்லாத கடை

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் எழுதிய ‘நியூமாட்டிக்கா’ என்னும் நூலில் உள்ளது. வழிபாட்டுக்குரிய நீரை வழங்கும் ஒரு கலத்தை அவர் விவரிக்கிறார். மேலே உள்ள துளையில் ஐந்து திராக்மா நாணயத்தைப் போட்டால் அது நெம்புகோலின் ஒரு முனையில் உள்ள தட்டில் விழும். தட்டு தாழும்போது மறுமுனை உயர்ந்து வால்வைத் திறக்கும், நீர் வழியும். நாணயம் தட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்ததும் நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பி, வால்வு மூடிக்கொள்ளும்.

இந்தக் கலத்துக்கு எடை மட்டுமே தெரியும். அந்த எடையுள்ள எந்த உலோகத் துண்டும் அதற்கு ஐந்து திராக்மாதான். பெரிய காசைப் போட்டுவிட்டு மீதி கேட்கவும் வழியில்லை. உண்டியலில் இட்டதைத் திரும்பக் கேட்கும் வழக்கம் நம்மிடமும் இல்லையே. விலையும் காணிக்கையும் ஒன்றாகிவிடும் இடத்தில் சில்லறைப் பிரச்சினை எழுவதில்லை.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மதுக்கடைகளில் பித்தளைப் புகையிலைப் பெட்டிகள் இருந்தன. ஒரு சிறு காசைப் போட்டால் மூடி திறக்கும். உள்ளிருந்து ஒரு சுங்கானுக்குப் போதுமான அளவு மட்டும் எடுத்துக்கொள்வது வாங்குபவரின் நேர்மையைப் பொறுத்தது. மூடியை மூடினால்தான் அடுத்தவர் மீண்டும் காசு போடவேண்டி வரும். எனவே பெட்டியை நம்பாமல், பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களையே கடைக்காரர் நம்பினார் எனலாம்.

விற்பவர் கண்ணில் படாமல் இருப்பது சில வேளைகளில் ஓர் அரசியல் தேவையாகவும் இருந்தது. தாமஸ் பெய்னின் ‘பகுத்தறிவின் யுகம்’ நூலை வெளியிட்டதற்காக 1819இல் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர் ரிச்சர்ட் கார்லைல். 1822இல் இலண்டனில் இருந்த அவருடைய கடையில் ஒரு முகப்புத்தட்டு வைக்கப்பட்டது. வேண்டிய நூலின் எண்ணுக்கு முள்ளைத் திருப்பிப் பணத்தைப் போட்டால் நூல் வந்து விழும். விற்றவர் யார் என்று சாட்சி சொல்ல எவராலும் இயலாது என்பதே நோக்கம். அவ்வுத்தி முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. கடை ஊழியர்கள் தொடர்ந்து சிறை சென்றார்கள். ஆயினும் முகமற்ற விற்பனை என்னும் எண்ணம் அங்கே தெளிவாக உருப்பெற்றுவிட்டது.

1883இல் பெர்சிவல் எவரிட் இலண்டனில் அஞ்சலட்டை விற்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1888இல் நியூயார்க்கின் உயர்மட்ட ரயில் நடைமேடைகளில் ஆடம்ஸ் நிறுவனத்தின் சூயிங்கம் இயந்திரங்கள் நின்றன. ஒரு காசு, ஒரு பொருள் என்பதே இவற்றின் இலக்கணம். இப்படிப் பிறந்ததுதான் நவீன விற்பனை இயந்திரம். மீதி என்ற சொல் அதன் அகராதியில் அப்போது இல்லை.

காசை அறிதல்

முகமற்ற கடைக்கு முகமற்ற வாடிக்கையாளர்களும் வந்து சேர்ந்தார்கள். காகிதம், ஆரஞ்சுத் தோல், குப்பை எனக் கைக்குக் கிடைத்ததெல்லாம் துளைக்குள் திணிக்கப்பட்டன. அவற்றைத் தடுப்பதற்கென்றே எவரிட் தம் அமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது.

குப்பையைவிடப் பெரிய தொல்லை, காசைப் போலிருந்த வில்லை. 1887இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றத்தின்முன் ஒரு வழக்கு வந்தது. சிகரெட் வழங்கும் தானியங்கிப் பெட்டியில் பென்னி நாணயத்தின் அளவிலும் வடிவிலும் இருந்த பித்தளை வில்லையைப் போட்டுச் சிகரெட் எடுத்திருந்தார்கள். இது ஏமாற்றா, திருட்டா? ஏமாற்றுவதற்கு ஏமாறும் மனம் ஒன்று வேண்டும். பெட்டிக்கு மனம் ஏது? நீதிமன்றம் இதைத் திருட்டு என்று தீர்த்தது. சரியான காசைப் போடுகிறவருக்கு மட்டுமே பெட்டியின் உரிமையாளர் பொருளைத் தர இசைந்திருக்கிறார். மற்றவர் எடுப்பது அவர் இசைவின்றி எடுப்பதாகும்.

சட்டம் இவ்வாறு தெளிவடைந்தது. ஆனால் நடைமேடையில் தனியே நிற்கும் பெட்டிக்கு நீதிபதி துணைக்கு வரமாட்டார். எனவே பெட்டிக்கே சில புலன்களைத் தரவேண்டியிருந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் உருவான இயந்திரங்கள் நாணயத்தைப் பல கட்டங்களாகச் சோதித்தன. விட்டம் குறைந்த காசு தாங்கியிலிருந்து நழுவி வெளியேறும். எடை குறைந்தது நெம்புகோலை அசைக்காது. இரும்பு வில்லையைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒரு சிறு உலோகக் கட்டையில் மோதி எவ்வளவு தூரம் துள்ளுகிறது என்பதைக் கொண்டு காசின் கடினத்தன்மை அறியப்படும்.

இவற்றில் மிக நுட்பமானது காந்தச் சோதனை. செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களைக் காந்தம் இழுப்பதில்லை. ஆனால் அவை காந்தப் புலத்தினூடே உருண்டு செல்லும்போது அவற்றுள் சுழல் மின்னோட்டம் தோன்றி வேகத்தைக் குறைக்கிறது. உலோகம் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அந்த அளவுக்கு வேகம் குறையும். காந்தத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு காசும் தன் வேகத்துக்கேற்ற தொலைவில் விழும். நல்ல காசு விழும் இடத்தில் ஒரு வாயில். மற்றவை விழும் இடத்தில் திருப்பி அனுப்பும் சரிவு. அரசர் தலையும் கழுகுச் சின்னமும் இயந்திரத்தின் கண்ணில் படுவதில்லை. உலோகத்தின் மின் இயல்பே நாணயத்தின் அடையாளம் ஆயிற்று. இதன் விளைவு பின்னாளில் அரசாங்கங்கள்வரை சென்றது.

ஐந்து சென்ட் உலகம்

காசை அறியும் திறன் ஓரளவு கைவந்த பிறகும் மீதி தரும் திறன் வரவில்லை. அதைத் தவிர்ப்பதற்கு எளிய வழி, எல்லாவற்றையும் ஒரே நாணயத்தின் விலைக்கு விற்பதாகும். அமெரிக்காவில் அந்த நாணயம் நிக்கல் என்று அழைக்கப்பட்ட ஐந்து சென்ட் காசு.

1902 ஜூன் 9 அன்று பிலடெல்பியாவில் ஜோசப் ஹார்ன், ஃபிராங்க் ஹார்டார்ட் இருவரும் ‘ஆட்டோமேட்’ உணவகத்தைத் திறந்தார்கள். அதன் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்டவை. சுவர் முழுக்கச் சிறு கண்ணாடிக் கதவுகள். காசு போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறந்து பண்டம் கைக்கு வரும். காப்பி, டால்பின் தலை வடிவக் குழாயிலிருந்து வழியும். 1912இல் நியூயார்க்கிலும் கிளை தோன்றியது. பரிசாரகர் இல்லை, இனாம் இல்லை, அந்தஸ்து பார்த்து இடம் ஒதுக்குவதும் இல்லை. ஏழைக் குமாஸ்தாவும் நாடக நடிகரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

ஆனால் மனிதரே இல்லாத உணவகம் என்று அதைச் சொல்வது சரியாகாது. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் பண்டங்களை நிரப்பியவர்கள் இருந்தார்கள். வாயிலருகே சில்லறை மாற்றித் தரும் பெண்களும் இருந்தார்கள். ‘நிக்கல் வீசுவோர்’ என்று அவர்களுக்குப் பெயர். விரல் நுனிகளில் ரப்பர் உறை அணிந்து, ஒரு டாலர் தாளைப் பெற்றுக்கொண்டு, கண்ணால் எண்ணாமலே இருபது நிக்கல்களைத் தேய்ந்த சலவைக்கல் மேடையில் சரித்து விடுவார்கள். இயந்திரம் செய்ய இயலாத ஒரே வேலையை நாள் முழுதும் அவர்கள் செய்தார்கள். தானியங்கி உணவகத்தின் பெருமையைப் பேசும்போது அந்த விரல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

ஒற்றைக் காசு விலைக்கு வேறொரு விலை உண்டு. செலவுகள் ஏறும்போது ஐந்து சென்ட் பண்டத்தை ஆறு சென்டுக்கோ ஏழு சென்டுக்கோ விற்க முடியாது. ஆட்டோமேட் காப்பியின் விலை நெடுங்காலம் ஐந்து சென்டாகவே இருந்து, 1950இல் ஒரே தாவலில் பத்து சென்ட் ஆயிற்று. கொக்கோ கோலாவின் கதை இதனினும் நீண்டது. 1886இல் ஐந்து சென்டுக்கு விற்கத் தொடங்கிய அந்தப் பானம் 1950கள் வரை பெருமளவு அதே விலைக்கு விற்கப்பட்டது. புட்டி நிரப்புவோருடன் செய்த பழைய ஒப்பந்தமும், ஐந்து சென்ட் என்றே செய்துவந்த விளம்பரமும் அதற்குக் காரணங்களாக இருந்தன. நிக்கலை மட்டுமே ஏற்ற இயந்திரங்களும் ஒரு முக்கியக் காரணம். ஒன்பது புட்டிகளில் ஒன்றை வெறுமையாக வைத்தால் சராசரி விலை சற்று உயருமே என்றுகூட நிறுவனத்தார் யோசித்ததுண்டு. 1953இல் நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வுட்ரஃப், தம் நண்பரும் அமெரிக்க அதிபருமான ஐசன்ஹோவரிடம் ஏழரை சென்ட் நாணயம் ஒன்றை வெளியிடுமாறு வேண்டினார். அந்த வேண்டுகோள் நிறைவேறவில்லை. ஓர் இயந்திரத்தின் துளைக்காக ஒரு நாடு புதிய நாணயம் அடிக்கவேண்டும் என்று கேட்கும் துணிவு வந்துவிட்டதே, அதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

நியூயார்க் சுரங்க ரயிலும் அதே நிக்கலில் சிக்கியிருந்தது. 1904இல் தொடங்கிய ஐந்து சென்ட் கட்டணம் 1948 வரை நீடித்தது. அவ்வாண்டு அது பத்து சென்ட் ஆனபோது, நிக்கலுக்குப் பதில் டைம் என்னும் பத்து சென்ட் காசை ஏற்கும்படி சுழல் தடுப்புகளை மாற்றினால் போதுமாயிருந்தது. 1953இல் கட்டணம் பதினைந்து சென்ட் ஆயிற்று. பதினைந்து சென்டுக்கு ஒற்றை நாணயம் கிடையாது. இருவேறு காசுகளை ஏற்று எண்ணத் தடுப்புகளுக்குத் தெரியாது. அதனால் ரயில் நிர்வாகம் தானே ஒரு காசை அடித்துக்கொண்டது. நடுவே ஒய் எழுத்து வெட்டப்பட்ட சிறு டோக்கன் அது. பயணிகள் முன்னதாகவே வரிசையில் நின்று மனிதரிடம் சில்லறை மாற்றுவதுபோல் டோக்கன் வாங்கினார்கள். மீதியின் சுமை இயந்திரத்திலிருந்து வரிசைக்கு இடம்பெயர்ந்தது. 2003 வரை டோக்கன்கள் புழங்கின. 1980களில் கனெக்டிகட் நெடுஞ்சாலைச் சுங்கத்தின் பதினேழரை சென்ட் டோக்கன் நியூயார்க்கின் எழுபத்தைந்து சென்ட் தடுப்பைத் திறப்பதைப் பயணிகள் கண்டுபிடித்தார்கள். ஹீரோனின் கலத்துக்கு இருந்த குறை, பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் முற்றிலும் அகலவில்லை.

டோக்கன் காசாக மாறிய கதையும் உண்டு. 1970களில் இத்தாலியில் கடும் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பொதுத் தொலைபேசிக்குரிய ‘ஜெத்தோனே’ வில்லைகளையே கடைக்காரர்கள் ஐம்பது லிரா நாணயமாகக் கொடுத்து வாங்கினார்கள். வங்கிகள் சிறு தொகைக்கான காசோலைகளை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. கடைகளில் மீதிக்குப் பதில் மிட்டாய் கைமாறியது. இதை வாசிக்கும் நமக்கு வியப்பு எழாது. நம் பேருந்து நடத்துநர் மீதியைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். மளிகைக்கடைக்காரர் மிட்டாய் தருவார். பழகியவரானால் ‘அடுத்த முறை வரும்போது கொடுங்கள்’ என்பார். மனிதர்களிடையே சில்லறை இல்லாமை கடனாகலாம், கோபமாகலாம், நட்பாகவும் ஆகலாம். இயந்திரத்திடம் அதற்கு ஒரே பொருள்தான்: விற்பனை இல்லை.

ஆனாலும் அந்த ஊமை இயந்திரம் மீதி தரும்படி செய்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் சிகரெட் பொட்டலத்தின் விலை க்வார்ட்டர் என்னும் இருபத்தைந்து சென்ட் காசுக்குச் சற்றுக் குறைவாக இருந்த நாட்களில், இருபத்துமூன்று சென்ட் என்றால் இரண்டு பென்னிகளைப் பொட்டலத்தின் மேலுறையான செல்லோஃபேன் தாளுக்குள் முன்கூட்டியே செருகி இயந்திரத்தில் அடுக்கினார்கள். வாங்குபவர் க்வார்ட்டரைப் போடுவார். சிகரெட்டோடு மீதியும் வந்து விழும். ஒவ்வொரு பொட்டலத்திலும் யாரோ ஒருவர் கையால் இரண்டு காசுகளைச் செருகியிருக்கிறார் என்பது அதன் பின்னுள்ள உழைப்பு.

மீதியின் கணக்கு

உண்மையிலேயே மீதி தரும் இயந்திரத்தின் உள்ளே செங்குத்தான சில குழாய்கள் இருக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரே வகை நாணயம் அடுக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் போடும் காசு சோதனையில் தேறியதும் அதற்குரிய குழாயில் சென்று சேர்கிறது. குழாய் நிரம்பிவிட்டால் கீழே உள்ள பணப்பெட்டிக்குப் போகிறது. மீதி தரவேண்டியபோது குழாயின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் காசு தள்ளப்படுகிறது. அதாவது, இப்போது வாங்குபவருக்குக் கிடைக்கும் மீதி, முன்பு வாங்கியவர் போட்டுச் சென்ற காசு. ஒருவரையொருவர் காணாத வாடிக்கையாளர்கள் தமக்குள் சில்லறை மாற்றிக்கொள்கிறார்கள் என்றே சொல்லலாம்.

இந்தப் பரிமாற்றம் சமநிலையில் இருக்கும்வரை இயந்திரம் தானே ஓடும். ஒரு பொருளின் விலை தொண்ணூறு சென்ட் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் நான்கு க்வார்ட்டர்களைப் போட்டால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு டைம் வெளியேறும். உள்ளே வருவது ஒன்றுமில்லை. குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒருநாள் காலியாகும். விளக்கு எரியும். காசு நிரப்புவது அன்றைய தீர்வு. விலையை எழுபத்தைந்து சென்டாகவோ ஒரு டாலராகவோ ஆக்குவதே நிலையான தீர்வு. சில்லறைக் கோளாற்றின் மருந்து பல சமயம் விலைப்பட்டியலில்தான் இருக்கிறது என்பது அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்களுக்குத் தெரியும். கொக்கோ கோலாவின் நிக்கல் விலையை நினைத்துப் பார்த்தால் இது பழைய பாடம்தான்.

மற்றொரு வகைக் கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. முப்பது சென்ட் மீதி தரவேண்டும். ஐந்து சென்ட் குழாய் காலி. இருபத்தைந்தும் பத்தும் நிறைய உள்ளன. பெரிய காசிலிருந்து தொடங்குவதே நாம் எல்லோரும் கையாளும் வழி. இயந்திரமும் அவ்வாறே முதலில் ஒரு இருபத்தைந்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய ஐந்துக்குக் காசு இல்லை. ‘சில்லறை இல்லை’ என்று கைவிரித்துவிடுகிறது. மூன்று பத்துகள் போதும் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. நம் நாணயங்களிலும் இது நேரும். ஒரு ரூபாய்க் காசு தீர்ந்துபோன நிலையில் ஆறு ரூபாய் தரவேண்டுமென்றால், ஐந்தை முதலில் எடுத்தவர் திணறுவார். மூன்று இரண்டு ரூபாய்களை எடுத்தவர் தப்பிப்பார். ஐந்தை இரண்டு மீதியின்றி வகுக்காது, இருபத்தைந்தைப் பத்து வகுக்காது, அதுவே காரணம். ஜப்பானிய நாணயங்கள் 1, 5, 10, 50, 100, 500 என அமைந்தவை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் மடங்கு. அங்கே பெரியதிலிருந்து தொடங்கும் வழி தவறுவதில்லை. ஆகவே சில்லறைக் கோளாற்றின் வேர் சில வேளை இயந்திரத்தில் இல்லை. ஒரு நாடு எந்தெந்த மதிப்பில் காசு அடிப்பது என்று எப்போதோ எடுத்த முடிவில் இருக்கிறது.

நாணயச் சாலைக்கு வந்த கட்டளை

வுட்ரஃபின் வேண்டுகோள் தோற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் இயந்திரங்கள் வென்றன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாணயத் தட்டுப்பாடு நிலவியது. வெள்ளியின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. டைம், க்வார்ட்டர் ஆகியவற்றிலிருந்து வெள்ளியை நீக்குவதென்று முடிவாயிற்று. எதை வைத்து மாற்றுவது? செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் மலிவானது. பார்வைக்கு வெள்ளியைப் போலிருப்பது. ஆனால் மின்சாரம் வெள்ளியில் கடப்பதுபோல் அதில் எளிதாகக் கடக்காது. நாடெங்கும் நின்ற இயந்திரங்களின் காந்தங்கள் புதிய காசைப் போலி என்று தள்ளிவிடும்.

தூய செம்பை நடுவில் வைத்து இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையைப் பொருத்திய மூவடுக்குக் காசு அதற்குத் தீர்வாயிற்று. செம்பின் கடத்துதிறன் காந்தத்தைச் சமாதானப்படுத்தியது. பழைய வெள்ளிக் காசையும் புதிய காசையும் ஒரே இயந்திரம் ஏற்றது. 1965 ஜூலை 23 அன்று அதிபர் ஜான்சன் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் க்வார்ட்டரின் விளிம்பில் இன்றும் தெரியும் செந்நிறக் கோடு அந்த முடிவின் தடம். அதன்பின் 2000இல் வந்த பொன்னிற ஒரு டாலர் நாணயத்தின் உலோகமும், 1979ஆம் ஆண்டு வெளியான முந்தைய டாலர் நாணயத்தின் மின்காந்த இயல்பை ஒத்திருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1969இல் வெளியான ஏழு பக்க ஐம்பது பென்ஸ் நாணயத்தின் பக்கங்கள் வளைந்திருப்பதும் இதே நோக்கத்தால்தான். எப்பக்கம் திருப்பி அளந்தாலும் அதன் அகலம் மாறாது. அதனால் வட்டக் காசைப்போல் இயந்திரத்தின் தடத்தில் அது உருண்டு செல்லும்.

ஒரு நாட்டின் காசு மற்றொரு நாட்டின் இயந்திரத்தைக் குழப்பிய கதை கிழக்கில் நடந்தது. ஜப்பான் 1982இல் ஐந்நூறு யென் நாணயத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தென்கொரியா ஐந்நூறு வோன் நாணயத்தை வெளியிட்டது. இரண்டும் 26.5 மில்லிமீட்டர் விட்டம். இரண்டும் ஒரே செம்பு-நிக்கல் கலவை. யென் 7.2 கிராம், வோன் 7.7 கிராம். மதிப்போ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. வோன் நாணயத்தில் சிறிது துளையிட்டோ இழைத்தோ அரை கிராமைக் குறைத்தால், ஜப்பானிய இயந்திரம் அதை யென் என்று ஏற்றது.

அதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. துளையிட்ட வோனைப் போட்டுவிட்டு, எதையும் வாங்காமல், காசைத் திருப்பித் தரும் நெம்புகோலை அழுத்துவார்கள். பல இயந்திரங்கள் போட்ட காசையே திருப்பாமல், குழாயின் அடியிலிருந்த வேறொரு காசைத் தந்தன. கைக்கு வந்தது உண்மையான ஐந்நூறு யென். வாடிக்கையாளருக்கு மரியாதையாகக் காசைத் திருப்பித் தரும் ஏற்பாடே கொள்ளைக்கு வாயிலாயிற்று. போட்ட காசையே தனியே நிறுத்தி வைத்துத் திருப்பும் அமைப்புகள் இதற்குத் தீர்வாயின. ஜப்பானிய அரசும் 2000ஆம் ஆண்டில் நிக்கல் கலந்த பித்தளையில், 7 கிராம் எடையில், புதிய ஐந்நூறு யென்னை வெளியிட்டது. அவ்வாண்டுதான் ஜப்பானின் தானியங்கி விற்பனை இயந்திரங்களின் எண்ணிக்கை சுமார் 56 இலட்சமாக உச்சத்தில் இருந்தது.

2021 நவம்பரில் மூன்றாம் வடிவமாக இருவண்ண நாணயம் வந்தது. இம்முறை பல இயந்திரங்கள் அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் மாற்றியமைக்கும் செலவை இயந்திர உரிமையாளர்கள் ஏற்கவேண்டும். சிறு உரிமையாளர்கள் பலர் தயங்கினார்கள். புத்தம் புதிய நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின்முன் நின்றவர், அரசு அடித்த காசை அரசின் மக்களிடையே நிற்கும் பெட்டி மறுப்பதைக் கண்டார். கள்ளத்தைத் தடுக்கச் செய்த மாற்றம் நேர்மையானவரைத் தண்டித்தது.

இவ்வரலாற்றில் ஒதுக்கப்பட்ட காசுகளும் உண்டு. ஜப்பானிய இயந்திரங்கள் ஒரு யென், ஐந்து யென் நாணயங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. 1989இல் மூன்று விழுக்காடு நுகர்வு வரி வந்தபோது கடைகளில் ஒற்றை யென்கள் பெருகின. இயந்திரத்தின் விலைகளோ பத்துப் பத்தாகவே இருக்க முடிந்தது. அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தைப் பெரும்பாலான இயந்திரங்கள் எப்போதோ கைவிட்டிருந்தன. அரசு அதைப் புழக்கத்துக்காக அடிப்பதை 2025 நவம்பரில்தான் நிறுத்தியது.

விளக்கு அணைந்த பிறகு

இன்று பல இயந்திரங்களில் துளையே இல்லை. அட்டையைத் தொட்டாலோ கைபேசியால் கட்டங்களைப் படம் பிடித்தாலோ போதும். நம் நாட்டில் 2016இல் அறிமுகமான யுபிஐ முறை பெட்டிக்கடைவரை பரவியிருக்கிறது. பதினேழு ரூபாய் ஐம்பது காசு என்று விலை வைத்தாலும் இப்போது இடைஞ்சல் இல்லை. மூன்று கேள்விகளும் ஒருங்கே மறைந்துவிட்டன: அடையாளம் காண உலோகம் இல்லை, சேமிக்கக் குழாய் இல்லை, கூட்டிக் கொடுக்க மீதி இல்லை.

சுமை மறைந்துவிட்டதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கைபேசியோ வங்கிக் கணக்கோ இல்லாத முதியவர், கையில் ஐந்து ரூபாய் நாணயத்தோடு வந்த சிறுவன், பணம் கழிந்தும் பொருள் விழாமல் எவரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்பவர் ஆகியோர் இப்போது அந்தச் சுமையை ஏற்றிருக்கிறார்கள். முன்பு சரியான சில்லறை இல்லாதவர் வாங்க முடியாமல் போனார்; இப்போது சில்லறை மட்டுமே உள்ளவர் வாங்க முடியாமல் போகிறார். 2019இல் பிலடெல்பியா நகரம், பெரும்பாலான சில்லறைக் கடைகள் ரொக்கத்தை ஏற்க மறுக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. 2020இல் நியூயார்க்கும் அதைப் பின்பற்றியது. நிக்கலால் ஊருக்கு உணவளித்த ஆட்டோமேட் தோன்றிய நகரமும் அது பேர்பெற்ற நகரமும் இவையே. கடைசி ஆட்டோமேட் நியூயார்க்கில் 1991இல் மூடப்பட்டது.

ஆட்டோமேட்டின் சிறப்பாக அன்று எல்லோரும் பேசியது ஒன்று: கையில் ஒரு நிக்கல் இருந்தால், நீ யார் என்று அந்தக் கதவு கேட்காது. அதற்காகவே வாயிலில் ஒருவர் உட்கார்ந்து நாள் முழுதும் சில்லறை மாற்றிக் கொடுத்தார். புதிய இயந்திரம் சில்லறை கேட்பதில்லை. ஆனால் நாம் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது. இந்த மாற்றத்தில் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற கணக்கைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட முடியாது. அது வாங்குகிறவர்களாகிய நாம் பார்க்கவேண்டிய கணக்கு.